தேய்ந்த காசும் பொய் சொல்லும் பதக்கமும்

தேய்ந்த காசுகள்தான் எனக்குப் பிடிக்கும். சேகரிப்பாளர்கள் நடுவில் இதைச் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். நாணயச்சாலையை விட்டு நேற்றுத்தான் வெளியே வந்ததுபோல் மினுங்கும் காசுக்குத்தான் சந்தையில் மரியாதை. ராஜாவின் மூக்கு மழுங்கியிருந்தால் விலை சரசரவென்று இறங்கிவிடும். இருக்கட்டும். மினுங்குகிற காசு எங்கோ ஒரு பெட்டகத்தில் தூங்கிக் கிடந்திருக்கிறது. கை மாறி, மடியில் முடியப்பட்டு, கல்லில் உரசப்பட்டு, சந்தேகத்தோடு கடித்துப் பார்க்கப்பட்டு வந்ததுதான் வேலை பார்த்த காசு.

மூக்கு என்றதும் எட்டாம் ஹென்றி நினைவுக்கு வருகிறார். 1544-இலிருந்து இங்கிலாந்தின் வெள்ளிக் காசில் செம்பைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இரண்டே ஆண்டுகளில் வெள்ளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மேற்பரப்பு மட்டும் வெள்ளி போலத் தெரியும்படி பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காசுகளில் ராஜா பக்கவாட்டில் திரும்பாமல் நேராக நம்மைப் பார்ப்பார். நேர்முகம் என்றால் மிக மேடான இடம் மூக்கு. கை பட்டுப் பட்டு வெள்ளிப் பூச்சு முதலில் அங்கேதான் போனது, உள்ளேயிருந்த செம்பு எட்டிப் பார்த்தது. மக்கள் அவருக்குச் 'செம்பு மூக்கர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புத்தம் புதிதாக எஞ்சிய ஹென்றி காசைப் பார்த்தால் இந்தக் கதை தெரியாது. தேய்ந்ததைத்தான் பார்க்க வேண்டும்.

ரோமானியர்கள் இதையே இன்னும் பொறுமையாகச் செய்தார்கள். அகஸ்டஸ் காலத்து தெனாரியஸ் என்ற காசு கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி. கி.பி. 64 வாக்கில் நீரோ எடையையும் தரத்தையும் கொஞ்சம் குறைத்தார். அடுத்து வந்தவர்களும் தங்கள் பங்குக்குக் குறைத்தார்கள். 260-களில், கல்லியேனஸ் ஆட்சியின் முடிவில், வெள்ளிக் காசு என்று பெயரளவில் இருந்ததற்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. இந்த வரிசையில் ஆளுக்கொரு காசாக ஒரு தட்டில் அடுக்கினால் வெள்ளை மெல்ல மெல்லப் பழுப்பாவதைக் கண்ணால் பார்க்கலாம். அத்தனை காசிலும் பேரரசர் மாலை சூடியோ கதிர்முடி தரித்தோ கம்பீரமாகத்தான் இருப்பார். சுற்றியுள்ள எழுத்தில் வெற்றி, அமைதி, செழிப்பு எதற்கும் குறைவிருக்காது.

பழங்காசிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். அது ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றை உளறிவிடுகிறது.

உளறல் சில சமயம் வெட்டுக்காயமாகவே இருக்கும். ஏதென்ஸின் ஆந்தைக் காசு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: முன்பக்கம் அதீனா, பின்பக்கம் பெரிய கண்களோடு ஆந்தை, மூலையில் ஓர் ஒலிவக் கொழுந்து. எடை 17 கிராமுக்குச் சற்று மேலே, லாரியான் சுரங்கத்து வெள்ளி. கிழக்கு மத்தியதரைக் கடலோரத்திலும் எகிப்திலும் கிடைத்த ஆந்தைகள் பலவற்றில் உளியால் ஆழமாக வெட்டிய தழும்பு இருக்கிறது. உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளித் தகடு போர்த்திய போலியா என்று பார்க்க வாங்கியவர் வெட்டியிருக்கிறார். சிலர் அதீனாவின் கன்னத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து சீன வணிகர்கள் இதே வேலையைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்தார்கள். ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலர்கள் கைக்கு வரும்போது தரம் பார்த்து, ஒரு சிறு முத்திரை எழுத்தைக் குத்தி அனுப்பினார்கள். பல கடைகளைத் தாண்டி வந்த டாலரில் ராஜாவின் முகமே தெரியாத அளவுக்குக் குத்து விழுந்திருக்கும். தரச் சான்று தரும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட குத்துகளை வெகுகாலம் 'சேதம்' என்றே எழுதிவந்தன. என்னைக் கேட்டால் ஒவ்வொரு குத்தும் ஒரு கையெழுத்து. 'நான் பார்த்தேன், வெள்ளிதான்' என்று முன்பின் தெரியாத ஒருவர் போட்ட கையெழுத்து.

இன்னொரு வகைக் காயம், ஓரம் கத்தரிப்பது. கையால் அடித்த காசு முழு வட்டமாக இருக்காது. ஓரத்தில் ஒரு சீவல் எடுத்தாலும் கண்டுபிடிப்பது கடினம். 1992-இல் இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் கிடைத்த ரோமானியப் புதையலில் காசுகள் மட்டும் ஏறத்தாழ 15,000. அவற்றிலிருந்த வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை கத்தரிக்கப்பட்டவை. கத்தரித்தவர்கள் பேரரசரின் முகத்தைத் தொடாமல் சுற்றியுள்ள எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது தனி வேடிக்கை. பதினேழாம் நூற்றாண்டில் இயந்திரத்தில் அடித்து, விளிம்பில் எழுத்தோ வரியோ போடத் தொடங்கிய பிறகுதான் இந்தத் திருட்டு அடங்கியது. ஐசக் நியூட்டன் 1696-இல் லண்டன் நாணயச்சாலைக்கு வந்தபோது பழைய கையடிக் காசுகளை எல்லாம் திரும்ப வாங்கி உருக்கிப் புதிதாக அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பெயருக்கு ஒரு பதவி என்று கொடுத்ததை அவர் நிஜமாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டார். கள்ளக்காசுக்காரர்களைத் துரத்தி, சாட்சிகளைத் தானே விசாரித்து, வில்லியம் சலோனர் என்பவனை 1699-இல் தூக்குமேடை வரை கொண்டுபோனார். இன்று நம் கையில் உள்ள சில்லறைக் காசின் விளிம்பைத் தடவினால் படும் வரிகள் அந்தச் சண்டையின் மிச்சம்தான்.

சரி, பதக்கத்துக்கு வருவோம்.

நினைவுப் பதக்கம் பார்வைக்கு நாணயம் போல இருந்தாலும் குணம் வேறு. அதற்கு மதிப்பு எண் கிடையாது, எடைக் கட்டுப்பாடு கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டியதும் இல்லை என்பதால் உருவங்களைத் தாராளமாகப் புடைக்கச் செய்யலாம். ஐரோப்பியப் பதக்கக் கலையை ஓவியர் பிசனெல்லோ 1438-39 வாக்கில் தொடங்கிவைத்தார் என்பது வழக்கம். உதவி கேட்டு இத்தாலிக்கு வந்திருந்த பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானின் விநோதமான கூர்த்தொப்பியைப் பார்த்து அவருக்குக் கை பரபரத்திருக்க வேண்டும். பக்கவாட்டு முகமும் தொப்பியுமாக அவர் வார்த்த அந்த வெண்கல வட்டத்தின் பின்னால்தான் இத்தாலியப் பிரபுக்கள் எல்லோரும் ஓடினார்கள். பேரரசருக்கு வேண்டிய படை உதவி பெரிதாகக் கிடைக்கவில்லை. 1453-இல் தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளே போய்விட்டது. தொப்பி நிலைத்துவிட்டது.

பதக்கம் தேய்வதில்லை, கடைவீதிக்கும் போவதில்லை. யாருக்கோ கொடுத்து, பெட்டியில் வைத்து, விருந்தாளிக்கு எடுத்துக் காட்டுவதற்காகவே செய்தது. அதனால் அதில் உளறல் குறைவு. சொல்ல நினைத்ததை மட்டும், யோசித்து, எழுத்துக் கூட்டிச் சொல்லும். பதினான்காம் லூயி தன் பதக்கங்களுக்கு வாசகம் எழுத 1663-இல் அறிஞர்கள் குழு ஒன்றையே அமர்த்தினார். ஆட்சி முழுவதையும் பதக்கங்களாகவே சொல்லும் பெரிய நூல் ஒன்று 1702-இல் வெளிவந்தது. இப்படித் திட்டமிட்டுச் செய்த பொருளில் சரித்திரம் கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்கும், வேறு வழியில். நாணயத்தை நான் அது உளறும் உண்மைக்காக வைத்திருக்கிறேன் என்றால், பதக்கத்தை அது துணிந்து சொல்லும் பொய்க்காக வைத்திருக்கிறேன்.

1741-ஐ எடுத்துக்கொள்வோம். அட்மிரல் வெர்னன் தலைமையில் பெரிய பிரிட்டிஷ் படை கார்த்தஹேனா என்ற ஸ்பானியத் துறைமுகத்தை முற்றுகையிட்டது. தொடக்கத்தில் சில கோட்டைகள் விழுந்ததும் வெற்றிச் செய்தி கப்பலேறி லண்டனுக்கு வந்துவிட்டது. உடனே பதக்கங்கள் வந்தன, ஒரு வகை இரு வகை இல்லை, ஏராளமான வகைகள். ஸ்பானியத் தளபதி பிளாஸ் தெ லெசோ வெர்னன் முன் மண்டியிட்டு வாளை நீட்டுகிறார். ஸ்பெயினின் செருக்கு அடங்கியது என்று சுற்றிலும் வாசகம். உண்மையில் காய்ச்சலும் பீரங்கியும் சேர்ந்து அந்தப் படையை நொறுக்கிவிட்டன. வெர்னன் திரும்பிவிட்டார், நகரம் விழவே இல்லை. ஒரு காலை இளம் வயதிலேயே போரில் இழந்திருந்த லெசோ யார் முன்னும் மண்டியிடவில்லை. பதக்கங்கள் மட்டும் விற்றுத் தீர்ந்து வீடு வீடாகப் போயிருந்தன. இன்றும் பழம்பொருள் விற்பனைகளில் எளிதாகக் கண்ணில் படும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பதக்கங்களில் அவையும் உண்டு. பெரும்பாலும் மலிவான செம்புக் கலவை, சித்திர வேலையும் சுமார்தான். ஆனாலும் சேகரிக்கத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல வாசிப்புப் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

நெப்போலியன் இதையும் தாண்டிவிட்டார். 1804-இல் இங்கிலாந்தின் மேல் படையெடுக்கக் கடற்கரையில் சேனையை நிறுத்தியபோதே வெற்றிப் பதக்கத்துக்கான அச்சு தயார். ஹெர்குலிஸ் ஓர் அசுரனைத் தூக்கிப் பிடித்து நெரிக்கிறார். கீழே 'லண்டனில் அடிக்கப்பட்டது, 1804' என்று வாசகம். படை கால்வாயைத் தாண்டவே இல்லை. பாரிசில் செய்த பதக்கத்தில் லண்டன் முத்திரை! நடக்காத ஒன்றுக்கு இடமும் ஆண்டும் குறித்து வைத்த அந்தத் தன்னம்பிக்கையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பொய்யே இல்லாமல் ஒரே ஒரு தேதிப் பிழை பெரிய வம்பில் முடிந்த கதையும் உண்டு. 1915 மே 7-இல் ஜெர்மானிய நீர்மூழ்கி லூசித்தானியா கப்பலை மூழ்கடித்தது. மியூனிக் பதக்கக் கலைஞர் கார்ல் கெட்ஸ் தன் சொந்த முயற்சியில் ஒரு கிண்டல் பதக்கம் செய்தார். பயணச்சீட்டு விற்கும் சன்னலில் எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கிறது, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் மக்கள் சீட்டு வாங்குகிறார்கள். பேராசை பிடித்த கப்பல் நிறுவனத்தைக் குத்திக்காட்டுவதுதான் அவர் எண்ணம். ஆனால் தேதியை மே 5 என்று போட்டுவிட்டார். பிரிட்டன் அதைப் பிடித்துக்கொண்டது. 'பாருங்கள், இரண்டு நாள் முன்பே திட்டமிட்ட கொலை, அதற்குப் பதக்கம் வேறு' என்று ஒரு துண்டறிக்கையோடு அட்டைப்பெட்டியில் வைத்து, அதே பதக்கத்தின் நகலை லட்சக்கணக்கில் செய்து விற்றார்கள். கெட்ஸ் பிறகு தேதியைத் திருத்தியும் பயனில்லை. இன்று சந்தையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த பிரிட்டிஷ் நகல்கள்தான். மாதத்தின் பெயர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தால் நகல், ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் இருந்தால் கெட்ஸின் பட்டறைப் பக்கம் சந்தேகப்படலாம். எதிரியின் கேலியை எதிரிக்கு எதிராகவே திருப்பிய இந்த நகல் எனக்கு மூலத்தைவிடச் சுவாரசியமாகப் படுகிறது. விலையோ நேர் எதிர்.

வாட்டர்லூ பதக்கத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. நெப்போலியனை வென்ற நாலு மன்னர்களுக்கும் இரண்டு தளபதிகளுக்கும் தருவதற்காக பெனதெத்தோ பிஸ்த்ருச்சியிடம் 1819-இல் ஒப்படைத்தார்கள். பிரிட்டனின் தங்க சவரனில் குதிரைமேல் நாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜை வடித்தவர் அவர். கோபக்காரர். பதவி கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் வேறு. 1849-இல் அச்சுகளை ஒப்படைத்தபோது பரிசு பெற வேண்டிய ஆறு பேரில் வெலிங்டன் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். விட்டம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். இவ்வளவு பெரிய அச்சைச் சூடேற்றிக் கடினப்படுத்தினால் வெடித்துவிடுமோ என்ற பயத்தில் உலோகத்தில் அடிக்கவே இல்லை, மின்பூச்சு நகல்களோடு நிறுத்திக்கொண்டார்கள். முப்பது ஆண்டு வேலை. உருவங்களின் நெருக்கத்தைப் பார்த்தால், அத்தனை ஆண்டும் அவர் சும்மா இருக்கவில்லை என்று மட்டும் தெரியும்.

போலி விஷயத்துக்கு வராமல் இந்தப் பொழுதுபோக்கைப் பேசி முடிக்க முடியாது. பதினாறாம் நூற்றாண்டில் பாதுவா நகரத்து ஜொவான்னி தா கவீனோ பழைய ரோமானியக் காசுகளின் பாணியில் அழகான அச்சுகளை வெட்டினார். ஏமாற்றவா, போற்றவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இப்போது 'பாதுவாக்காரர்' காசுகளை அவற்றின் பெயரிலேயே தேடி வாங்குகிறார்கள், அவற்றுக்கும் போலிகள் வந்துவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் விஷயத்தில் அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. புதிதாக அடித்த 'பழங்காசுகளை' இரும்புத்தூளோடு ஒரு பெட்டியில் போட்டு, தன் குதிரை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு சுற்றுவார். குலுங்கிக் குலுங்கி மினுமினுப்பு போய்விடும். கிழவர்களை உலாவக் கூட்டிப் போகிறேன் என்று அவர் சொன்னதாகக் கதை.

பிடிப்பதற்கு முதல் ஆயுதம் எடைத் தராசு, இரண்டாவது விளிம்பைப் பார்க்கும் லென்ஸ். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி அச்சு இணைந்த கோடோ, அதை அரம் போட்டு மறைத்த தடமோ இருக்கும். எழுத்துகளின் அடியில் குமிழிக் குழிகள் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்க்கலாம். தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளி 10.5, செம்பு 9-க்குச் சற்றுக் கீழே. ஆர்க்கிமிடீஸை ஏமாற்றுவது சிரமம். இரண்டு 'கையடிக் காசு'களில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் குறைந்தது ஒன்றாவது போலி. பதக்கத்தில் இன்னொரு அழகான சோதனை உண்டு. வெண்கலம் ஆறும்போது சுருங்கும். ஆகவே மூலப் பதக்கத்தை வைத்து அச்செடுத்து வார்த்த நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாக, விளிம்புகள் மழுங்கியதாக இருக்கும். நகலின் நகல் இன்னும் சிறியது. மறுமலர்ச்சிக்காலப் பதக்கங்களைப் பட்டியலிடுகிறவர்கள் விட்டத்தை மில்லிமீட்டர் சுத்தமாகக் குறிப்பது இதற்காகத்தான்.

போலி என்று ஒதுக்கியது நிஜமானதும் உண்டு. 1900-இல் பிரான்சில் கிடைத்த ஒரு காசில் தொமித்தியானஸ் என்ற பெயரில் முன்பின் தெரியாத ஒரு பேரரசர் இருந்தார். அறிஞர்கள் போலி என்று மூடிவைத்துவிட்டார்கள். 2003-இல் இங்கிலாந்தில் சால்குரோவ் என்ற இடத்தில் ஒட்டிக்கொண்டு கட்டியாகிப்போன ஐயாயிரம் காசுகள் ஒரு பானையில் கிடைத்தன. பிரித்தெடுத்தபோது அதே அச்சில் அடித்த இன்னொரு காசு. 271 வாக்கில் கொஞ்ச காலம் அரசாண்ட ஒரு மனிதர், ஒரு பானைச் சில்லறையின் தயவில் சரித்திரத்துக்குத் திரும்பிவிட்டார். இந்தோ-கிரேக்க மன்னர்கள் பலரையும் இப்படித்தான் காசுகளிலிருந்து மட்டும் அறிகிறோம். அவர்கள் காசுகளில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்தில் பிராகிருதம். நாணயச்சாலையில் உலோகத் தரம் பார்க்கும் வேலையில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப் 1830-களில் கரோஷ்டியைப் படித்தெடுக்க அந்த இருமொழிக் காசுகள்தான் துணை.

இப்படிச் சொல்லும்போது காசு எங்கே கிடைத்தது என்பது எவ்வளவு முக்கியம் என்று புரிந்திருக்கும். பானையோடு கிடைத்ததால்தான் தொமித்தியானஸுக்கு வாழ்வு. 2020-இல் புரூட்டஸின் தங்கக் காசு ஒன்று, சீசர் கொலையைக் கொண்டாடும் இரண்டு குத்துவாளும் விடுதலைக் குல்லாயும் பொறித்தது, பழங்காசுகளில் அதுவரை இல்லாத விலைக்கு ஏலம் போனது. பின்னால் அதன் பூர்வீகக் கதை ஜோடிக்கப்பட்டது என்று தெரிந்து 2023-இல் கிரீஸுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விவரம் இல்லாத காசை நான் இப்போது எடுப்பதில்லை. பழைய சேகரிப்பாளர் கையால் எழுதிய துண்டுச்சீட்டோடு வரும் சாதாரணக் காசு போதும்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக: தேய்க்காதீர்கள். புளியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். செம்பு, வெண்கலத்தின் மேல் படிந்த கெட்டியான பச்சையோ பழுப்போ அதன் தோல், உரித்தால் திரும்பி வராது. பயப்பட வேண்டியது வேறு ஒரு பச்சைக்கு. வெளிர்நிறத்தில், மாவு போல, குச்சியால் தொட்டால் உதிரும் புள்ளி வந்தால் அது நோய். உள்ளே சிக்கிய குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டால் அமிலத்தை உண்டாக்கி உலோகத்தைத் தின்னும், அமிலம் மறுபடி அதே வேலையைத் தொடங்கிவைக்கும். தனியே பிரித்து, உலர வைத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மென்மையான பிவிசி உறைகளும் நாளடைவில் பிசுபிசுவென்று பச்சையாகக் கசியும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை நல்லது. ஈயப் பதக்கத்தை ஓக் மரப்பெட்டியில் வைக்காதீர்கள், அந்த மரத்தின் ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதற்குப் போடும் தர எண்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 1 முதல் 70 வரையிலான அந்த அளவுகோல், வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-இல் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளின் விலையைக் கணக்கிடப் போட்டது. 70-ஆம் தரக் காசு 1-ஆம் தரத்தைப்போல் எழுபது மடங்கு பெறும் என்ற கணக்கு சீக்கிரமே பொய்த்துவிட்டது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. அதே ஷெல்டன் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்திருந்தார் என்பது பிற்பாடு வெளியாகி, வழக்கு நீதிமன்றம் வரை போனது. தரம் பார்க்கத் தெரிந்தவர், சந்தேகமில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெல்வெட் பெட்டியில் வரும் 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' நினைவுப் பதக்கங்களில் விழாமல் இருந்தால் நல்லது. சேகரிப்பதற்கென்றே செய்த பொருளை எல்லோரும் பத்திரமாகவே வைத்திருப்பார்கள். அது என்றைக்கு அரிதாகும்? அதற்குப் பதில் நியூரம்பெர்க் கணக்குவில்லைகளைத் தேடுங்கள். பலகையில் கோடு போட்டுக் கூட்டிக் கழிக்க ஐரோப்பா முழுவதும் பயன்பட்ட மெல்லிய பித்தளை வட்டுகள். காசும் இல்லை, பதக்கமும் இல்லை, இரண்டின் குணமும் கொஞ்சம் உண்டு. வயலில் கண்டெடுப்பவர்கள் இன்றும் தங்கக் காசு என்று நினைத்துத் துள்ளுவது இவற்றைப் பார்த்துத்தான். 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹான்ஸ் கிராவ்விங்கல் செய்தவை ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் 'கடவுளின் ஆசியே செல்வம் தரும்' என்பது போன்ற பக்தி வாசகம். மறுபக்கம், எந்த அரசனுக்கும் இடம் கொடுக்காமல், சுற்றிலும் தன் பெயரையும் ஊரையும் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருப்பார்.